ஆரோக்கியமான உடம்புக்கு எதற்கு மருந்து? முதல் கட்டச் சோதனையின் பாதுகாப்பு எதில் இருக்கிறது

சேலத்தில் கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் விசைத்தறிக் கூடங்களிலும் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றி வரும். 18 முதல் 45 வயதுக்குள், நோய் எதுவும் இல்லாத ஆட்கள் வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ சில நாள் தங்க வேண்டும். சாப்பாடும் பயணச் செலவும் போகக் கையில் பணம் கிடைக்கும் என்று இருக்கும். கீழே ஒரு கைப்பேசி எண். இதைப் பார்த்து, கிட்னியை எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சும்மா ரத்தம் எடுப்பாங்க, மூணு நாள் படுத்துத் தூங்கலாம் என்று நண்பனையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று இந்த இரண்டு தரப்புக்குமே யாரும் பொறுமையாகச் சொல்லித் தரவில்லை. ஆரோக்கியமானவர்களிடம் மருந்தைச் சோதிப்பது உலகம் முழுக்கச் சட்டப்படி நடக்கிற வேலை. அதில் ஆபத்து உண்டு. அந்த ஆபத்தை அடக்கி வைக்க வழிமுறைகளும் உண்டு. அவை எப்படி வேலை செய்கின்றன, எந்த இடத்தில் அறுந்துபோகின்றன என்று தெரிந்தால், போவதா வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊர்ப் பக்கம் "மருந்து டெஸ்ட்" என்று ஒரே பேரில் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு வேறு வேலைகள். ஒன்று, இதுவரை எந்த மனிதர் உடம்பிலும் போகாத ஒரு புதிய மூலக்கூறை முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பது. முதல் கட்டச் சோதனை, ஃபேஸ் ஒன் என்று சொல்வது இதைத்தான். இன்னொன்று, ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு மருந்தை வேறொரு நிறுவனம் ஜெனரிக்காகத் தயாரிக்கும்போது, அந்த மாத்திரையும் மூல மாத்திரையும் ரத்தத்தில் ஒரே அளவுக்குச் சேருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. பயோஈக்விவலன்ஸ் ஆய்வு என்பது இது. ஒரே ஆளுக்கு ஒருமுறை இந்த மாத்திரை, மருந்து உடம்பை விட்டு முழுசாக வெளியேறச் சில நாள் இடைவெளி, அப்புறம் அந்த மாத்திரை. இரண்டு தடவையும் மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து அளந்து பார்ப்பார்கள். ரத்தத்தில் சேரும் அளவுகளின் விகிதம், புள்ளியியல் பிழையையும் சேர்த்துக் கணக்கிட்டால், 80 முதல் 125 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலையில் கிடைக்கும் மாத்திரையை நம்பி விழுங்க முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் இந்த மாதிரி ஆய்வுகளும், அதில் கையை நீட்டிய ஆட்களும் இருக்கிறார்கள். நீரில் எளிதில் கரையாத மருந்துகளின் ஜெனரிக் வடிவங்களுக்கு இந்த ஆய்வை 2017ல் வந்த விதித் திருத்தம் கட்டாயமாக்கியது.

சேலத்து இளைஞருக்கு வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதில் மருந்தின் குணம் முன்பே தெரியும் என்பதால் ஆபத்தின் தன்மை வேறு. தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது போன்றவை வரலாம். மனநோய் மருந்தோ ரத்த அழுத்த மருந்தோ நோயில்லாதவர் உடம்பில் போனால் அப்படி ஆவது எதிர்பார்த்ததுதான். முதல் வகைச் சோதனைகள் இந்தியாவில் நெடுநாள் அரிதாகவே இருந்தன. வெளிநாட்டில் கண்டுபிடித்த மருந்து என்றால், அங்கே முதல் கட்டம் முடித்த தரவு கையில் இருந்தால்தான் பொதுவாக இங்கே அனுமதி என்று 2005ல் திருத்திய, மருந்துச் சோதனைகளுக்கான ஷெட்யூல் ஒய் என்ற விதித்தொகுப்பு சொன்னது. மற்ற நாட்டு நிறுவனங்கள் நம் மக்களைச் சோதனை எலியாக்கிவிடக் கூடாது என்ற பயம் அதன் பின்னால் இருந்தது, நியாயமான பயம். இப்போது உள்நாட்டிலேயே புதிய மருந்துகள் உருவாகின்றன. கோவேக்சின் தடுப்பூசியின் முதல் கட்டம் 2020ல் நாடு முழுவதும் 11 மருத்துவமனைகளில் 375 ஆரோக்கியமானவர்களிடம் நடந்தது. அதில் ஒன்று காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம் மருத்துவமனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதல் கட்டச் சோதனைகளுக்கென்று அமைத்திருக்கும் நான்கு மையங்களின் வலைப்பின்னலிலும் அந்த மருத்துவமனை இருக்கிறது. ஆக, சேலத்திலிருந்து ஒரு இரவு பஸ் தூரத்தில் முதல் கட்டச் சோதனையும் நடக்கத் தொடங்கிவிட்டது.

நோயாளிக்குத்தானே மருந்து வேண்டும், நோயில்லாதவருக்கு ஏன்? இதற்குப் பதில் எளிது. நோயாளியின் உடம்பில் ஏற்கெனவே பத்துக் கோளாறு இருக்கும், நாலு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். அவருக்குக் கல்லீரல் நொதி கூடினால் அது புது மருந்தாலா, பழைய நோயாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆரோக்கியமான உடம்பில் வரும் மாற்றம் பளிச்சென்று தெரியும். தாங்கும் சக்தியும் கூடுதலாக இருக்கும். விதிவிலக்கு, புற்றுநோய் மருந்துகள் போல இயல்பிலேயே நச்சுத்தன்மை உள்ளவை. அவற்றை முதல் கட்டத்திலேயே நோயாளிகளுக்குத்தான் கொடுப்பார்கள். நோயில்லாத ஒருவருக்கு அந்த ஆபத்தைக் கொடுக்க எந்த நியாயமும் கிடையாது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரோக்கியமான தன்னார்வலருக்கு இந்த மருந்தால் உடம்பளவில் ஒரு நன்மையும் இல்லை. அவர் தாங்கும் ஆபத்து முழுக்க முழுக்க மற்றவர்களுக்காக. பணம் வாங்குவதால் இந்த உண்மை குறைந்துவிடாது. அதனால்தான் அவருடைய பாதுகாப்புக்கான அளவுகோல், சிகிச்சை பெறும் நோயாளிக்கு இருப்பதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும்.

முதல் ஆளுக்கு எத்தனை மில்லிகிராம் கொடுப்பது என்பதில்தான் பாதிப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. அதற்கு முன் குறைந்தது இரண்டு வகை விலங்குகளில், ஒன்று எலி போன்ற கொறித்துண்ணி, மற்றொன்று நாயோ குரங்கோ, அளவை ஏற்றிக்கொண்டே போய், எந்த அளவு வரை கெடுதல் தெரியவில்லை என்று பார்ப்பார்கள். எலியில் ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வரை கெடுதல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எலியின் சின்ன உடம்பு மருந்தை வேகமாகக் கழித்துவிடும் என்பதால் அதே கணக்கை மனிதருக்குப் போட முடியாது. உடற்பரப்பை வைத்து, எலிக்கு 6.2 ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் வரும். அதைப் பாதுகாப்புக்காக மறுபடி 10 ஆல் வகுத்தால் 0.8. அறுபது கிலோ ஆளுக்கு 48 மில்லிகிராம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு இது. இதைவிடக் குறைவாகத் தொடங்கலாம். கூடுதலாகத் தொடங்க வலுவான காரணம் வேண்டும்.

அப்புறம் ஆட்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிக்கிறார்கள். வழக்கமாக ஒரு குழுவில் எட்டுப் பேர். ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கும் நர்ஸுக்கும் தெரியாது. எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடக் கூடாது. முதல் நாள் இரண்டே பேர், ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு வெற்று மாத்திரை. ஒரு நாளோ அதற்கு மேலோ அவர்களைக் கண்காணித்து, ஈசிஜி, ரத்த அழுத்தம், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை எல்லாம் பார்த்து, சரி என்றால்தான் மீதி ஆறு பேர். அந்தக் குழுவின் முடிவுகளை ஒரு பாதுகாப்புக் குழு உட்கார்ந்து படித்த பிறகே அடுத்த எட்டுப் பேருக்குக் கொஞ்சம் கூடின அளவு. ஒற்றை டோஸ் எல்லாம் முடிந்த பிறகு, தினமும் ஒன்று என்று ஒரு வாரமோ பத்து நாளோ கொடுத்துப் பார்க்கும் கட்டம் வரும். இதில் ஒவ்வொரு படியிலும் பாதுகாப்பைத் தருவது காத்திருக்கும் நேரம். நாள் கூடினால் செலவு கூடும். படுக்கை, ஊழியர், உணவு என்று எல்லாமே பணம். அதனால் அந்த நேரத்தைக் குறைக்கச் சொல்லும் நெருக்கடி எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்.

உள்ளே இருப்பவருக்கு இதெல்லாம் எப்படி இருக்கும்? கையில் வென்ஃப்ளான், அதாவது ரத்தக்குழாயில் ஏற்றிவைக்கும் ஊசிக்குழாய், குத்தியிருக்கும். முதல் சில மணி நேரத்தில் கால் மணிக்கும் அரை மணிக்கும் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். காபி, டீ கிடையாது. ஏற்காட்டுக்காரருக்கு இது கொஞ்சம் கஷ்டமான விதிதான். ஆனால் காரணம் இருக்கிறது. காபியில் உள்ள காஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியே சில மருந்துகளையும் உடைக்கிறது. காஃபீனின் பாதி அளவு கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அது இதயத்துடிப்பையும் மாற்றும். புகையிலைப் புகை அதே நொதியைத் தூண்டிவிட்டு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும் என்பதால் புகைப்பவர்களைப் பல ஆய்வுகள் சேர்ப்பதில்லை. கிரேப்ஃப்ரூட் பழச்சாறு இதற்கு நேர்மாறு. குடலில் மருந்தை உடைக்கும் நொதியை அது முடக்கிவிட, ரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறலாம். கனடாவில் ஒரு ஆய்வுக் குழு மதுவும் ஒரு ரத்த அழுத்த மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும்போது, மதுவின் சுவையை மறைக்க அந்தச் சாற்றில் கலந்து கொடுத்ததால் 1989ல் தற்செயலாக வெளிவந்த விஷயம் இது. நம் ஊர்ப் பம்பளிமாஸும் அதே குடும்பம், அதே வேலையைச் செய்யும். ஆகவே நான்கு நாள் முன்பு என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும்போது உண்மையைச் சொல்வது சம்பிரதாயத்துக்காக இல்லை.

ஆளுக்கு ஆள் உடம்பு வேறுபடுவதும் உண்டு. ஒமிப்ரசோல், குளோபிடோகிரெல் போன்ற மருந்துகளைக் கையாளும் ஒரு நொதி சிலருக்குப் பிறவியிலேயே மெதுவாக வேலை செய்யும். ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களில் இப்படிப்பட்டவர்கள் அதிகம். நம்மவர்கள்மீது எந்தச் சோதனையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நம் உடம்புக்கு எந்த அளவு சரி என்று கடைசி வரை தெரியாமலே போகும். இந்தக் காரணத்தால்தான் நான் இந்தச் சோதனைகளுக்கு எதிரி இல்லை.

தவறியபோது

2006 மார்ச் 13, லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் இருந்த ஒரு தனியார் சோதனைப் பிரிவு. டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) வகை மருந்து, முதன்முதலாக மனிதருக்கு. எட்டு இளைஞர்கள், ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு வெற்று ஊசி. ஒவ்வொருவருக்கும் கிடைக்கவிருந்தது ஏறக்குறைய 2000 பவுண்டு. குரங்குகளில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை கெடுதல் இல்லை. மனிதருக்கு அதில் 500ல் ஒரு பங்கு, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். கணக்குப்படி பார்த்தால் மிகப் பாதுகாப்பான அளவு. ஆனால் ஊசியை ஏறக்குறைய பத்து நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் போட்டுக்கொண்டே போனார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் மருந்து ஏறிய ஆறு பேருக்கும் தலைவலி, முதுகுவலி, காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவு. ஒருவர் பின் ஒருவராக உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார். முதல் ஆளுக்குப் போட்டுவிட்டு அன்று மாலை வரை காத்திருந்திருந்தால் மீதி ஐந்து பேருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

குரங்குக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பது பிறகு வந்த ஆய்வுகளில் புரிந்தது. அந்த மருந்து போய்ப் பிடிக்கும் புரதம், மனிதரிடம் பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் ஒரு வகை வெள்ளணுக்களில் இருக்கிறது. அந்தக் குரங்கின் அதே வகை அணுக்களில் இல்லை. சாவி நுழையவே துவாரம் இல்லாத பூட்டில் சாவியைச் சோதித்த மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு விதி மாறியது. நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் மருந்து போன்றவற்றில், எந்த அளவு வரை கெடுதல் இல்லை என்பதிலிருந்து கணக்கைத் தொடங்காமல், எந்த மிகச் சிறிய அளவில் மனித அணுக்களில் ஏதாவது விளைவு தெரியத் தொடங்கும் என்று பார்த்து, அதிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007ல் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஆட்களுக்கு இடையில் போதிய இடைவெளியும் அதில் வந்தது. அதே மருந்தைப் பிற்பாடு ரஷ்யாவில் வேறு பெயரில் ஆரோக்கியமானவர்களிடம் மறுபடி சோதித்தார்கள். தொடக்க அளவு, லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பத்து வருடம் கழித்து பிரான்சில் ரென் நகரத்தில் நடந்தது என்னை இன்னும் அதிகம் உலுக்குகிறது, ஏனென்றால் அங்கே அறிவியல் தெரியாததால் மட்டும் பிரச்சினை வரவில்லை. பியால் என்ற போர்த்துகீசிய நிறுவனத்தின் மருந்து, பிஐஏ 10-2474. ஒற்றை டோஸ்களும், தினமும் 20 மில்லிகிராம் வீதம் பத்து நாள் கொடுத்ததும் சிக்கலில்லாமல் முடிந்திருந்தன. 2016 ஜனவரியில் தினமும் 50 மில்லிகிராம் என்ற குழு. மருந்து தடுக்க நினைத்த நொதி அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே முழுசாக அடங்கிவிடும் என்று தெரிந்தும் அளவு ஏற்றப்பட்டது. ஐந்தாவது நாளான ஜனவரி 10 ஞாயிறன்று ஒருவர் உடல்நிலை கெட்டு, மாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் எப்படி இருக்கிறார் என்று மறுநாள் காலையில் விசாரிக்காமலே மற்ற ஐந்து பேருக்கும் அடுத்த டோஸ் கொடுக்கப்பட்டது. உங்களோடு இருந்தவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தொடர விருப்பமா என்று அவர்களிடம் சரியாகக் கேட்கவும் இல்லை. அவர்களில் நான்கு பேருக்கு மூளை நரம்புப் பாதிப்பு அறிகுறிகள் வந்தன. முதலில் விழுந்தவர் 17ஆம் தேதி இறந்துபோனார். அரசின் விசாரணை, நிறுத்தாமல் தொடர்ந்ததையும், மற்றவர்களுக்குச் சொல்லாததையும், அதிகாரிகளுக்குத் தாமதமாகத் தெரிவித்ததையும் பெரிய தவறுகளாகக் குறித்தது.

2001ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் ஒரு இறப்பு நடந்தது. ஆஸ்துமா பற்றிய ஆய்வில் ஹெக்ஸாமெதோனியம் என்ற பழைய வேதிப்பொருளை மூச்சில் இழுத்த 24 வயதுப் பெண். அந்தப் பொருள் நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950களின் மருத்துவ இதழ்களிலேயே குறிப்புகள் இருந்தன. தேடியவர்கள் அவ்வளவு பின்னே போகவில்லை. அவர் அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூட ஊழியர் என்பதையும் கவனிக்க வேண்டும். மேலதிகாரிகளின் இடத்தில் வேலை பார்ப்பவர் முடியாது என்று சொல்வது எளிதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு அளவுகோலையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் மட்டும்தான் மிஞ்சும். 2015ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, புற்றுநோய் அல்லாத 394 முதல் கட்டச் சோதனைகளில் மருந்து எடுத்த 11,028 பேரைப் பார்த்தது. தலைவலி, மயக்கம், வயிற்றுப்போக்கு போன்ற சில்லறைத் தொந்தரவுகள் நிறைய. தீவிரமானவை 34; அவற்றில் மருந்தால் வந்திருக்கலாம் என்று கருதப்பட்டவை 11. ஒரு இறப்பும் இல்லை. நல்ல எண்கள்தான். ஆனால் அவை ஒரு பெரிய மருந்து நிறுவனத்தின் சொந்த, வசதியான பிரிவுகளில் கிடைத்தவை. எங்கேயும் இதே எண்தான் வரும் என்று எடுத்துக்கொண்டு நம் ஊர் இளைஞருக்கு உத்தரவாதம் கொடுக்க நான் தயாராக இல்லை.

நம் நாட்டு விதிகள்

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள். அதற்கு முந்தைய பத்தாண்டில் சோதனைகளில் நடந்த இறப்புகள் பற்றி இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்திய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012ல் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கின் அழுத்தத்தில்தான் இழப்பீடு, ஒளி-ஒலிப் பதிவு போன்றவை 2013ல் நடைமுறைக்கு வந்தன. இப்போது புதிய மருந்தின் சோதனைக்கு மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையின் அனுமதியும், பங்கேற்பவர்களின் நலனையும் உரிமையையும் காக்கும் குழுவான, பதிவு பெற்ற எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியும் வேண்டும். கமிட்டியில் குறைந்தது ஏழு பேர். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்களாக, தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். ஒரு வழக்கறிஞரும், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண மனிதரும், குறைந்தது ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். அந்தச் சாதாரண மனிதரின் நாற்காலியை நான் பெரிதாக மதிக்கிறேன். "இந்தப் படிவம் எனக்கே புரியலையே" என்று அவர் ஒருவர் சொன்னால் போதும், படிவம் மறுபடி எழுதப்பட வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், விளக்கம் சொல்லும் நேரம் முழுக்க ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடன் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து காபித் தோட்ட வேலைக்கு இடையில் யாராவது அழைத்துப் போகப்பட்டால், அவருக்கு இது பெரிய பாதுகாப்பு. பெருவிரல் ரேகை மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பினால் அது விதிமீறல். வேலையில்லாதவர்கள், வறுமையில் இருப்பவர்கள், மருத்துவ, நர்ஸிங், பார்மசிக் கல்லூரி மாணவர்களையும் ஊழியர்களையும் விதிகள் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று வரையறுக்கின்றன. புதிய மூலக்கூறின் சோதனையில் இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கும்போது விளக்கம் சொல்வதை வீடியோ எடுப்பது கட்டாயம். சேலத்தைச் சுற்றிப் பார்மசி, நர்ஸிங் கல்லூரிகள் எவ்வளவு இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். பேராசிரியர் சொன்னார் என்பதற்காக ஒரு மாணவர் போகக் கூடாது. போக மறுத்தால் மதிப்பெண்ணைத் தொடவும் கூடாது.

ஒப்புதல் படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசாக நியமிக்கப்படுபவரின் பெயரும் முகவரியும் கேட்பார்கள். வாரிசுப் பெயர் கேட்டதும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். சோதனையால் இறப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அது. கணக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம். அதை வயதுக்கான எண்ணாலும், ஆபத்து எண்ணாலும் பெருக்கி, 99.37 ஆல் வகுக்க வேண்டும். ஆரோக்கியமானவருக்கு ஆபத்து எண் 4, இருப்பதிலேயே அதிகம். 25 வயதுக்கு வயது எண் 216.91. போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 69.85 லட்சம் ரூபாய். ஏற்கெனவே கடும் நோயில் இருந்தவரைவிட நோயில்லாதவரின் இழப்புக்குச் சட்டம் கூடுதல் மதிப்புத் தருவது, அவருக்கு இதில் ஒரு நன்மையும் இல்லை என்று முன்பு சொன்ன அதே நியாயத்தால். இறப்பு மட்டுமில்லை, சோதனையில் எந்தப் பாதிப்பு வந்தாலும் சிகிச்சை இலவசம். சோதனைக்குத் தொடர்பில்லை என்று நிரூபணமாகும் வரையோ, தேவைப்படும் வரையோ, எது முன்னதோ அதுவரை. தீவிரப் பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் மேலே தெரிவித்தாக வேண்டும்.

பணமும் மறைப்பும்

சட்டம் காகிதத்தில் இவ்வளவு நன்றாக இருந்தும், அது கைவிட்டுப் போகும் ஒரு இடம் இருக்கிறது. ஓமலூர் பக்கத்திலிருந்து தெரிந்த பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, போன மாசம்தான் ஒரு எடத்துல முடிச்சேன். இப்ப இன்னொரு எடத்துல கூப்பிடறாங்க. சொல்லாம போனா கண்டுபிடிச்சிருவாங்களா?" கண்டுபிடிப்பார்களா என்பதற்குள் நான் போகவில்லை. "அந்த மருந்து உன் ஒடம்புல இன்னும் மிச்சம் இருந்தா, ரெண்டும் சேர்ந்து என்ன பண்ணும்னு அங்க இருக்கற டாக்டருக்குத் தெரியாதுடா தம்பி" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "ஏஜென்ட்டு அதெல்லாம் கேக்கவே இல்லண்ணா" என்றான்.

ஒரு ஆய்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் வழக்கமாகத் தொண்ணூறு நாள் இடைவெளி கேட்பது சில காரணங்களுக்காக. எடுத்த ரத்தம் ஊற வேண்டும். அடுத்தடுத்து எடுத்தால் ஹீமோகுளோபின் இறங்கிவிடும். முந்தைய மருந்து முழுசாக வெளியேற வேண்டும். கல்லீரலுக்கு ஓய்வு வேண்டும். பணத்துக்காக இதை மறைத்துப் போகிறவர் தன் உடம்பை மட்டும் பணயம் வைக்கவில்லை. அவருடைய கல்லீரல் எண்கள் பழைய மருந்தால் ஏறியிருந்தால், நல்ல மருந்து ஒன்று கெட்டதென்று கைவிடப்படலாம். வயிற்றைப் புரட்டியதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டால், ஆபத்தான மருந்து நல்லதென்று அடுத்த குழுவுக்கு அளவு ஏற்றப்படலாம். அடுத்து படுக்கப்போவது இன்னொரு அம்மா பிள்ளை. முன்பு சொன்ன அந்தக் காத்திருப்பு நேரத்துக்கு அர்த்தம் வருவதே, படுத்திருப்பவர் உண்மையைச் சொன்னால்தான்.

ஆனால் இதற்குப் பையன்களைத் திட்டி ஒரு பயனும் இல்லை. கொலுசுப் பட்டறையில் ஆர்டர் குறைந்த மாதத்திலோ, தறி நின்றுபோன வாரத்திலோ ஒருவருக்கு அந்தத் தொகை பெரிது. உண்மையைச் சொன்னால் பணம் போய்விடும் என்கிற மாதிரி ஏற்பாடு இருந்தால், யாராக இருந்தாலும் மறைப்பார். இதைத் தடுக்கும் வழி நெறிமுறைகளில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2006ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஆய்வு தொடர்பான உடல்நலக் காரணத்தால் ஒருவர் விலக்கப்பட்டால் முழுப் பங்கேற்புக்கான தொகையையும் கொடுக்க வேண்டும், வேறு காரணத்தால் அவராக விலகினால் இருந்த நாள் அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தன. அதாவது தலை சுற்றுகிறது என்று சொன்னவரின் பணம் குறையக் கூடாது. முடித்தால்தான் மொத்தமும் என்று சொல்கிற எந்த இடமும் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது. ஆட்களைப் பிடித்துத் தரும் ஏஜென்ட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் இருந்தால் அவரும் கேள்வி கேட்க மாட்டார். எத்திக்ஸ் கமிட்டிகள் மருந்தின் அளவை எவ்வளவு கவனமாகப் படிக்கின்றனவோ அவ்வளவு கவனமாக, பணம் எப்போது, எப்படிக் கொடுக்கப்படுகிறது என்ற பக்கத்தையும் படிக்க வேண்டும்.

போக நினைப்பவருக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். இது புது மருந்தா, ஜெனரிக் ஒப்பீடா என்று முதலில் கேளுங்கள். மனிதருக்கு முதல் முறையா, இதற்கு முன் இந்த அளவு எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த மருத்துவர் எரிச்சல்பட மாட்டார். புது மருந்துச் சோதனை என்றால் முதல் ஆள் சேர்வதற்கு முன்பே சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும் என்பது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். அந்தப் பதிவு இணையத்தில் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தேடிப் பாருங்கள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒப்புதல் படிவத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதைத் தருவது அவர்கள் கடமை. சேலத்துக்காரருக்கு இது ரொம்ப முக்கியம். ஆய்வு முடிந்து ஊர் திரும்பிய நாலாவது நாள் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தால், சென்னையில் சோதனை நடத்திய மருத்துவர் ஏறக்குறைய 340 கிலோமீட்டர் தள்ளி இருப்பார். நீங்கள் போய் நிற்பது சேலம் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில். அங்கே பணியில் இருக்கும் டாக்டருக்கு உங்கள் உடம்பில் என்ன மருந்து போனது என்று தெரிய வேறு வழியே கிடையாது. அந்த நகலில் மருந்தின் பெயரோ குறியீடோ, ஆய்வு மருத்துவரின் தொலைபேசி எண்ணும் எத்திக்ஸ் கமிட்டியின் எண்ணும் இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன்பே அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போகிறவர்கள்தான் அதிகம் என்பதால், அனுப்பும்போது என்ன ஏது என்று ஒரு வார்த்தை பேசிவிட்டும் போங்கள்.